பாம்புக்காது

அன்று பட்டறையில் நடந்த பேச்சு எனக்கு முதலிலிருந்து கடைசிவரை நினைவிருக்கிறது.

முதலில் பேசியவர் நர்ஸ் அம்மா. பிரசவமாகி வீடு திரும்பிய பெண்களையும் குழந்தைகளையும் வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது அவர் வேலை. அதற்கென்று ஒரு பழைய நீலக் கார் வைத்திருந்தார். அதைப் பட்டறை வாசலில் நிறுத்தி, இறங்காமலே கண்ணாடியை இறக்கினார்.

"தம்பி, மறுபடியும் அழுவுது."

"எப்ப அழுவுது அக்கா?" என்று கேட்டார் அத்தான். என் அக்காவின் கணவர்.

"கிளட்சை மிதிச்சா அழுவுது, விட்டா முனகுது. போன மாசம்தானே மாத்திக் கொடுத்தீங்க? நாள் முழுக்கப் பச்சப்புள்ளைங்க அழறதக் கேக்குறேன். வழியில இதுவும் அழணுமா?"

அத்தான் சிரித்தார். உள்ளேயிருந்து கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்த முதலாளி சிரிக்கவில்லை.

"என்னப்பா சொல்றே?"

"பேரிங் சரியில்ல முதலாளி. இப்ப வர்ற சரக்கெல்லாம் இப்படித்தான் இருக்கு."

"அதே பெட்டியில வந்ததைத்தான் நான் டாக்ஸிக்காரருக்குப் போட்டேன். அது வாயே திறக்கல. உனக்கு மட்டும் கடைக்காரன் அழுமூஞ்சியாப் பொறுக்கிக் கொடுக்குறானா?"

"ஃபோர்க் வளைஞ்சிருக்கலாம்."

"போன தடவை கழட்டினப்ப அது கண்ணுல படலியா?"

அதற்குள் நர்ஸ் அம்மா குறுக்கே பேசினார். "யாரு தப்புன்னு அப்புறம் பேசிக்குங்க. நேத்து மேட்டுல ஏறும்போது கியர் விழாம நடுரோட்டுல நின்னுட்டேன். பின்னாடி லாரி. அவன் ஹாரன் அடிக்கிறான், எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல."

முதலாளி அவரிடம் மன்னிப்பு கேட்டார். பிறகு அத்தான் பக்கம் திரும்பினார். "நாளைக்கு லீவுதான். உனக்காகத் திறந்து வைக்கிறேன். வந்து இறக்கு. சாயங்காலம் வண்டி போயாகணும். இதுவும் திரும்பி வந்துச்சுன்னா, இனிமே கிளட்ச், கியர்பாக்ஸ் எதையும் நீ தொடக்கூடாது. வாசல்ல நின்னு டயருக்குக் காத்தடி."

"சரி முதலாளி" என்றார் அத்தான். பேச்சு அவ்வளவுதான்.

நான் சுவரோரம் கிடந்த பழைய கார் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். அப்போது அக்கா வீட்டில்தான் தங்கியிருந்தேன். என் அலுவலகத்துக்கும் பட்டறைக்கும் நடுவே ஒரு தெருதான். வேலை முடிந்ததும் அங்கே வந்து காத்திருந்து, அத்தானின் பைக்கில் வீட்டுக்குப் போவேன். அதிகம் பேசமாட்டேன் என்பதால் பட்டறைக்காரர்கள் நான் இருப்பதையே மறந்துவிடுவார்கள்.

அவர்கள் அத்தானுக்கு வைத்திருந்த பெயர் பாம்புக்காது. எந்த வண்டி உள்ளே வந்தாலும், அது நிற்பதற்குள் எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவாராம். சந்தேகம் இருந்தால் ஒரு நீளத் திருப்புளியை எடுத்து, நுனியை இன்ஜின்மேல் வைத்து, பிடியைக் காதில் பொருத்திக் கேட்பார். "உள்ள ஒரு பல்லு ஆடுது" என்பார். கழற்றிப் பார்த்தால் ஆடும். பெண் பார்க்க வந்த அன்று எங்கள் வீட்டு மிக்ஸி ஓடுவதைக் கூடத்திலிருந்தே கேட்டுவிட்டு, "அதோட புஷ் தேஞ்சிருக்கு" என்றாராம். "என்னைப் பாக்க வந்தாரா, மிக்ஸியைப் பாக்க வந்தாரான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல" என்று அக்கா சொல்லிக்காட்டுவாள்.

கிளட்ச் வேலையில் அவருக்கென்று ஒரு தனிப் பழக்கம் இருந்தது. அதைச் சொன்னால்தான் நடந்தது புரியும்.

கிளட்ச் பெடலை மிதித்தால் ஒரு கேபிள் இழுபடும். கேபிள் ஃபோர்க்கை இழுக்கும். ஃபோர்க் ஒரு வளையத்தை முன்னால் தள்ளி, சுற்றிக்கொண்டிருக்கும் கிளட்சின்மேல் அழுத்தும். அந்த வளையம்தான் ரிலீஸ் பேரிங். அந்த மாதிரிப் பழைய கார்களில், பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டால் வளையம் எதையும் தொடாமல் சும்மா இருக்க வேண்டும். நூலளவு இடைவெளி போதும். அது இல்லையென்றால் வளையம் ஓயாமல் உரசிச் சூடேறிச் சீக்கிரமே கருகிவிடும். இடைவெளியைக் கூட்டவும் குறைக்கவும் கேபிள் முனையில் ஒரு நட்டு உண்டு. மற்ற மெக்கானிக்குகள் பெடலைக் கையால் அழுத்தி, எவ்வளவு தூரம் தளர்வாகப் போகிறது என்று அளந்து நட்டைத் திருப்புவார்கள். அத்தான் அளக்கமாட்டார். இன்ஜினை ஓடவிட்டு, பேரிங் மெல்லிதாகப் பாடும்வரை நட்டை இறுக்குவார். பிறகு அந்தச் சத்தம் அடங்கும்வரை தளர்த்துவார். "சத்தம் செத்த இடத்துக்கு மேல ரெண்டு சுத்து. ஸ்கேல் எதுக்கு?" என்பார்.

அந்தக் காது மந்தமாகிக்கொண்டிருந்தது என்று எனக்குச் சில மாதங்களாகவே சந்தேகம். தொலைக்காட்சியில் எல்லோரும் சிரித்து முடித்த பிறகு அவர் சிரிப்பார். பேசுபவரின் கண்ணைப் பார்க்காமல் வாயைப் பார்ப்பார். அக்காவுக்கு அது வேறுவிதமாகப் பட்டது. நர்ஸ் அம்மா வந்த அன்று மாலையும் சமையலறையிலிருந்து கூப்பிட்டுப் பார்த்து அலுத்துப்போய், கரண்டியோடு கூடத்துக்கே வந்துவிட்டாள்.

"நான் பேசுறதெல்லாம் சுவத்துக்கா?"

அத்தான் நிமிர்ந்தார். "வேலையைப் பத்தி யோசிச்சுகிட்டு இருந்தேன்."

"பட்டறையில இருக்கும்போது வீட்டைப் பத்தி யோசிக்கிறீங்களா? இல்லல்ல? இங்க வந்து மட்டும் என்ன?"

"அதான் வந்துட்டியே, சொல்லு."

"ஒண்ணும் இல்ல. மறந்துபோச்சு." அவள் திரும்பிப் போனாள். போகிற போக்கில் என்னிடம், "திமிரு பிடிச்ச மனுஷன்" என்றாள். சற்று உரக்கத்தான் சொன்னாள். நான் அத்தானைப் பார்த்தேன். அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

மறுநாள் விடுமுறை. "கோவத்துல சாப்பாடு எடுக்காமப் போயிட்டாரு, கொண்டுபோய்க் கொடு" என்று அக்கா என்னை அனுப்பினாள். கோபம் யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

நான் போனபோது கார் நான்கு தாங்கிகள்மேல் நின்றது. கியர்பாக்ஸ் கீழே இறங்கியிருந்தது. முதலாளி பழைய பேரிங்கைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அது நீலம் பாய்ந்து, கிரீஸ் வற்றி, சுற்றினால் மணலை அரைப்பதுபோல் கரகரத்தது.

"எரிஞ்சிருக்குப்பா. சும்மா இருக்க வேண்டியது ஒரு மாசமா உரசிகிட்டே கெடந்திருக்கு. கேபிளை இழுத்துப் பிடிச்சிருக்கே."

"காதால வச்ச அளவு முதலாளி. தப்பாது."

"தப்பியிருக்கே!"

"ஃபோர்க்தான் சரியில்ல. பாருங்க, முட்டுற எடத்துல குழி விழுந்திருக்கு."

குழி உண்மைதான். ஆனால் அது பெரிய குழி இல்லை என்பது எனக்கே தெரிந்தது. முதலாளி பேரிங்கை மேசைமேல் வைத்தார். "முடி வெட்டிகிட்டு வர்றேன். அதுக்குள்ள ஏத்தி முடி. நான் வந்து கேட்டுப் பாத்த பிறகுதான் வண்டி வெளிய போகணும்" என்று சொல்லிவிட்டு எதிர்வரிசைச் சலூனுக்குப் போனார்.

அத்தான் சாப்பிடவில்லை. புதிய பேரிங், புதிய ஃபோர்க், ஃபோர்க் ஆடும் குமிழ், அதைப் பிடிக்கும் கிளிப், கேபிள் என்று கழற்ற முடிந்த எல்லாவற்றையும் மாற்றினார். பேரிங் வழுக்கிப்போகும் குழாயை மூன்று தடவை துடைத்தார். குமிழில் விரல்நுனியால் கிரீஸ் தடவினார். கூடிவிட்டது என்று தோன்றியதும் அதில் பாதியை வழித்தெடுத்தார்.

கியர்பாக்ஸை ஜாக்கியில் வைத்து, ஒரு கயிற்றால் சேர்த்துக் கட்டி, காருக்கடியில் தள்ளினார். மல்லாந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். நான் விளக்கைப் பிடித்தேன். ஜாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, கியர்பாக்ஸின் தண்டைக் கிளட்சின் துளைக்கு நேராகக் கொண்டுவந்தார். அது நுழையவில்லை. இரண்டு கைகளையும் உள்ளே விட்டு ஆட்டித் தள்ளினார். அவருடைய முழங்கால்களும் பாதங்களும் மட்டும்தான் என் பக்கம் இருந்தன.

அப்போதுதான் ஜாக்கியின் தலையிலிருந்து கியர்பாக்ஸ் நழுவுவதைப் பார்த்தேன். வேகமாக இல்லை. தூங்குகிறவரின் தலை சாய்வதுபோல் மெல்ல ஒரு பக்கமாகச் சரிந்தது.

"அத்தான்!" என்றேன்.

கைகள் உள்ளேயே இருந்தன.

"அத்தான், கையை எடுங்க!"

இந்த முறை கத்தினேன். கைகள் அசையவில்லை. நான் குனிந்து அவர் கணுக்காலைப் பிடித்து இழுத்தேன். திடுக்கிட்டுக் கைகளை வெளியே உருவினார். அடுத்த நொடி கியர்பாக்ஸ் ஜாக்கியைவிட்டு இறங்கி, கயிற்றில் தொங்கிக்கொண்டு நின்றது. அதன் விளிம்பு, அவர் விரல்கள் இருந்த இடத்தில் இரும்போடு இரும்பாக முட்டிக்கொண்டிருந்தது.

அவர் வெளியே ஊர்ந்து வந்து உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது.

"கூப்பிட வேண்டியதுதானே?"

"ரெண்டு தடவை கூப்பிட்டேன் அத்தான்."

கைகளைத் துணியில் துடைத்தார். சுத்தமாக இருந்த இடங்களையும் துடைத்தார். "ஃபேன் சத்தத்துல விழல" என்றார்.

ஃபேன் ஓடவில்லை. அன்று காலையிலிருந்தே யாரும் அதைப் போடவில்லை. நான் அண்ணாந்து பார்த்தேன். அவரும் பார்த்தார்.

மறுபடியும் கட்டினார். இந்தத் தடவை இரண்டு கயிறு. தண்டு நுழைந்தது. போல்ட்டுகளை இறுக்கி, கேபிளை மாட்டி, காரைத் தரையில் இறக்கியபோது நர்ஸ் அம்மா கைப்பையோடு வந்துவிட்டார். "முடிஞ்சுதா தம்பி?" என்று சைகையும் சேர்த்துக் கேட்டுவிட்டு, அழைப்பு வந்ததால் கைப்பேசியோடு வாசலுக்கே திரும்பிப் போனார். எதிர்ச் சலூனின் கண்ணாடிக் கதவு வழியே முதலாளியின் தலை தெரிந்தது. வெட்டி முடிந்து, கழுத்தில் பிரஷ் ஓடிக்கொண்டிருந்தது.

அத்தான் இன்ஜினைக் கிளப்பினார். பானெட்டுக்குள் குனிந்து நட்டில் ஸ்பேனரை வைத்தார். இறுக்கினார். பேரிங் பாட ஆரம்பித்தது. மெல்லிய, விசில் போன்ற சத்தம். தளர்த்தினார். கொஞ்சம் தளர்த்தி நிறுத்தினார். தலையைச் சாய்த்துக் கேட்டார். இன்னும் இரண்டு சுற்றுத் தளர்த்தி, ஸ்பேனரை எடுத்துவிட்டார்.

"செத்துருச்சு" என்றார்.

சாகவில்லை. இன்ஜின் இரைச்சலுக்கு மேலே, ஊசி மாதிரி, அந்த விசில் அப்படியே இருந்தது. சலூனிலிருந்து வந்து பக்கத்தில் நின்றதுமே முதலாளிக்குக் கேட்டுவிடும். வண்டி மறுபடி திரும்பி வரக்கூட வேண்டாம், அங்கேயே தீர்ப்பு முடிந்துவிடும். முதலாளிக்குக் கேட்காமல் போனால் அது இன்னும் மோசம். நர்ஸ் அம்மா அதே மேட்டில் ஏறுவார்.

அத்தானைப் பார்த்துத் தலையை மட்டும் இடம் வலமாக ஆட்டினேன்.

அவர் என்னையே பார்த்தார். ஒரு கணம் கோபம் வரப்போகிறது என்றுதான் நினைத்தேன். பிறகு அவர் கண்கள் மேலே, ஓடாத அந்த ஃபேனுக்குப் போய்விட்டுத் திரும்பின. நீளத் திருப்புளியை எடுத்தார். நுனியைக் கியர்பாக்ஸின் மேல் ஊன்றி, பிடியை வலது காதில் வைத்தார். இடது காதில் வைத்தார். உதட்டைக் கடித்தார். சாலையைப் பார்த்தார். முதலாளி சலூன்காரரிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அத்தான் திருப்புளியின் பிடியைப் பற்களுக்கிடையே வைத்துக் கடித்துக்கொண்டார்.

இன்ஜின் விசிறி அவர் கன்னத்துக்கு ஒரு சாண் தள்ளிச் சுற்றிக்கொண்டிருந்தது. அப்படியே குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு, வலது கையால் நட்டைத் திருப்பினார். ஒரு சுற்று. விசில் இருந்தது. இன்னொன்று. இருந்தது. சலூன் கதவு திறந்தது. இன்னும் அரைச் சுற்று. விசில் பொசுக்கென்று நின்றது. நான் வாய் திறக்கவில்லை, கையும் அசைக்கவில்லை. அதே நேரத்தில் அவர் கண்ணைத் திறந்தார்.

மேலும் இரண்டு சுற்று. பிறகு, நான் பார்த்தவரை முதல்தடவையாக, காருக்குள் கையைவிட்டுப் பெடலை அழுத்தி விரலால் அளந்தார், மற்றவர்கள் செய்வதுபோல. அளந்துகொண்டிருக்கும்போதே முதலாளி கழுத்தில் பவுடரோடு வந்து நின்றார்.

"என்னப்பா, திருப்புளியைக் கடிச்சுகிட்டு நின்னே? அவ்வளவு பசியா?"

"சாப்பாடு கொண்டுவந்தவ கண்ணுல காட்டல முதலாளி."

"மச்சினிச்சியைக் குத்தம் சொல்லாதே." முதலாளி காரில் ஏறி உட்கார்ந்தார். மிதித்தார், விட்டார், கியர் போட்டார், எடுத்தார். நெடுநேரம் சும்மா கேட்டுக்கொண்டே இருந்தார். அத்தானின் கை பானெட்டின் விளிம்பைப் பிடித்திருந்தது.

"ம். ஊமையாயிடுச்சு" என்றார் முதலாளி. "இது முன்னாடியே ஆகியிருக்கணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நர்ஸ் அம்மா சாவியை வாங்கிக்கொண்டார். ஆனால் உடனே ஏறவில்லை. அத்தானின் முகத்துக்கு நேராக வந்து நின்று, நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"பல்லால கேட்டீங்கல்ல தம்பி? வாசல்லேருந்து பாத்தேன்."

"மெதுவாப் பேசுங்க அக்கா. முதலாளி காதுல விழும்."

"மெதுவாப் பேசினா உங்க காதுல விழாதே."

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் டாக்டர் இல்ல, உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா காதுக்கு வராத சத்தம் பல்லு வழியா வருதுன்னா, உள்ள நரம்பு நல்லா இருக்கலாம். நடுவுல எங்கயோதான் கோளாறு. அப்படியிருந்தா வழி இருக்கு. எங்க ஆஸ்பத்திரியில காதுக்குன்னே ஒருத்தர் இருக்கார். சும்மா விட்டுடாதீங்க."

வீட்டுக்குப் போய் அக்காவிடம் "வேலை முடிஞ்சுது" என்று மட்டும் சொன்னோம்.

நீலக் கார் திரும்பி வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அத்தான் எந்தக் கிளட்சையும் காதால் அளக்கவில்லை. சட்டைப்பையில் ஒரு சின்ன ஸ்கேல் வந்துவிட்டது. பட்டறையில் விடுவார்களா?

"பாம்புக்காதுக்கு எதுக்குய்யா ஸ்கேல்?" என்று பெயின்ட் அடிப்பவர் கேட்டார்.

"பாம்பு சட்டை உரிக்குதோ என்னவோ" என்றார் வெல்டர்.

அத்தானும் சேர்ந்து சிரித்தார், எல்லோருக்கும் கொஞ்சம் பின்னால். புதிதாக வரும் வண்டிகளிடம் அவர் முன்போல் முதலில் போய் நிற்பதில்லை. வேறு யாராவது "இன்ன சத்தம்" என்று சொன்ன பிறகுதான் எழுந்து போவார். வீட்டில் அக்காவின் வசவு வளர்ந்தது. திமிர் என்றாள், அலட்சியம் என்றாள், தன்மேல் அன்பே இல்லை என்று ஒருநாள் அழுதாள். அவர் காதில் விழாததை நான் பிறகு காரம் குறைத்துச் சொல்வேன். அத்தான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். காது கேட்காதவன் என்று தெரிவதைவிடத் திமிர் பிடித்தவன் என்ற பெயர் அவருக்குத் தேவலை என்று தோன்றியிருக்கிறது.

பிறகு ஒரு நாள் காலை, "சின்னவளே, இன்னிக்கு ஆபீஸுக்கு லீவு சொல்ல முடியுமா?" என்று கேட்டார். அக்காவிடம், எனக்கு ஏதோ வேலை இருப்பதாகவும் அதற்கு என்னை அழைத்துப்போவதாகவும் சொல்லியிருந்தார். பைக் ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றது.

நர்ஸ் அம்மா சொன்ன அந்தக் காது டாக்டருக்குத் தமிழ் தெரியாது. அவர் பேசும் மொழியிலும் தமிழிலும் நான் படித்திருக்கிறேன். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கடிதங்களை மாற்றி எழுதுவதுதான் என் அலுவலக வேலையும். அத்தானைக் கண்ணாடி அறையில் உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோன் மாட்டிச் சோதித்தார்கள். காதுக்குப் பின்னால் எலும்பில் ஏதோ வைத்தும் சோதித்தார்கள். முடிவைச் சொல்லக் கூப்பிடும்வரை வெளியே பெஞ்சில் காத்திருக்கச் சொன்னார்கள்.

அத்தான் இரண்டு கைகளையும் தொடைகளுக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நகக்கண்களில் கிரீஸ் இருந்தது. எங்களுக்கு முன்னால் இருந்தவர் உள்ளே போனதும் என் பக்கம் முழுதாகத் திரும்பி, என் வாயைப் பார்த்தபடி சொன்னார்:

"உங்கக்கா திட்டுறதையெல்லாம் நீ பதமாக்கி என்கிட்ட சொல்லுவே, எனக்குத் தெரியும். இங்க அப்படிச் செய்யாதே. அவரு என்ன சொல்றாரோ அதை அப்படியே சொல்லு. சரியாகாதுன்னு சொன்னா சரியாகாதுன்னே சொல்லு. எந்த வேலையைத் தொடலாம், எதை விட்டுடணும்னு நான் முதலாளிகிட்டப் போய்ச் சொல்லணும்."